குதிரைக்கு ஒரு சும்மாடு: ஹாஃப் பேட் தேர்வும் பராமரிப்பும்

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இன்றைய மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டுச் சரிவைத் தோட்டமாக்க அவரிடம் இருந்த பட்டாளம் விசித்திரமானது: கைக்கருவிகளோடு தொழிலாளர்கள், ஒரு பழைய நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள். தோட்டத்தின் கதையைச் சொல்லும்போது ரோலர் முன்னால் வந்து நிற்கும். கழுதைகள் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதே பகாங் மாநிலத்தில் இருக்கும் ஃபிரேசர் மலைக்குப் பெயர் கொடுத்த லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோவேறு கழுதை வரிசை ஓட்டிப் பிழைத்தவர்தான். அந்தப் பாதைகளில் மூட்டை கட்டியவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சுமைக்கும் முதுகுக்கும் நடுவில் எதை வைப்பது?

தோட்டத்துத் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர்க் குடமோ விறகுக்கட்டோ தலையில் ஏறும் முன் துணியைச் சுருட்டி வட்டமாக வைத்துக்கொள்வது சும்மாடு. அதில் முடிச்சு இருந்தால் உச்சந்தலை வலிக்கும். அளவுக்கு மீறித் தடித்திருந்தால் குடம் ஆடும். ஈரமாக இருந்தால் வழுக்கும். சேணத்துக்குக் கீழே போடும் ஹாஃப் பேட் குதிரையின் சும்மாடு. முடிச்சு, தடிமன், ஈரம் என்ற அதே மூன்று குறைகள்தான் அதையும் கெடுக்கின்றன. கேமரன் போன்ற மூடுபனி மலையில் மூன்றாவதுதான் பெரிய எதிரி.

ஹாஃப் பேட் எது, எது இல்லை

குதிரையின் முதுகில் முதலில் விரிப்பது சேணத் துணி. அது விலா வரை தொங்கும், வியர்வையை வாங்கும், சேணத்தை அழுக்கிலிருந்து காக்கும். அந்தத் துணிக்கும் சேணத்துக்கும் நடுவில் போவது ஹாஃப் பேட். சேணத்தின் அடிமெத்தை முதுகில் உட்காரும் இடத்தோடு அது நின்றுவிடும், கீழே தொங்காது. அழுத்தத்தைப் பரப்புவதும், ஓட்டத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்வதும், சற்றே அகலமான சேணத்தின் இடைவெளியை நிரப்புவதும் அதன் வேலை.

சேணத் துணிக்கு ஆங்கிலேயர் வைத்த 'நம்னா' என்ற பெயரே இந்தியாவிலிருந்து போனது. கம்பளியை அடித்துப் படியவைத்துச் செய்யும் விரிப்புக்கு உருதுவில் 'நம்தா' என்று பெயர். அது மருவி லண்டன் சேணக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய குதிரைப்படைகளில் சேணத்துக்குக் கீழே கம்பளியை மடித்துப் போடுவார்கள். நெடும்பயணத்தில் குதிரை இளைத்தால் மடிப்பைக் கூட்டி இடைவெளியை நிரப்புவார்கள். அதே யோசனைதான் இன்று செருகல் பைகள் வைத்துத் தைத்த ஹாஃப் பேடாகக் கடையில் தொங்குகிறது.

இந்த அத்தியாயத்துக்கு மூன்று சொற்கள் போதும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் எலும்புப் புடைப்பு 'தோள்மேடு'. சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு மேலே வெற்றிடமாக ஓடுவது 'வாய்க்கால்'. சேணத்தின் உள்ளே இருக்கும் விறைப்பான எலும்புக்கூடு 'சட்டம்'.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

பலர் மெத்தையை வாங்கி வந்த பிறகு முதுகைப் பார்க்கிறார்கள். வரிசை நேரெதிர். கீழே உள்ளதைச் செய்ய அரை மணி நேரம், கூட ஓர் ஆள், படம் வரையும் கடைகளில் கிடைக்கும் வளைகிற அளவுகோல் ஒன்று, இவ்வளவுதான் வேண்டும்.

1. குதிரையைச் சமதரையில் நிறுத்துங்கள். தேயிலைத் தோட்டத்தில் இதுவே முதல் சவால். லாரி நிற்கும் தளமோ தொழிற்சாலை முற்றமோ கிடைத்தால் நல்லது. நான்கு கால்களும் நேராக, தலை ஒரு பக்கம் திரும்பாமல் இருக்கட்டும்.

2. தோள்மேட்டிலிருந்து கடைசி விலா வரை முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினால், காதை மடித்தால், திரும்பிக் கடிக்க வந்தால், அங்கே ஏற்கெனவே வலி இருக்கிறது. அன்று சேணம் வேண்டாம். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு மற்றவை.

3. வளைகிற அளவுகோலை முதுகின் குறுக்கே மூன்று இடங்களில் படியவைத்து அந்த வளைவைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்: தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், சேணத்தின் நடுப்பகுதியில், கடைசி விலாவுக்கு நேராக. தாளில் தேதி போடுங்கள். மூன்று மாதம் கழித்து இந்தத் தாள்தான் பேசும்.

4. துணியும் மெத்தையும் இல்லாமல் சேணத்தை மட்டும் வைத்து வயிற்று வாரைக் கட்டுங்கள். ஆள் ஏறி அமர்ந்ததும் தோள்மேட்டுக்கு மேலே 2 முதல் 3 விரல் இடைவெளி இருக்க வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் வாய்க்கால் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். வாய்க்காலின் அகலம் 3 முதல் 4 விரல். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். சேணத்தின் பாரம் 18ஆவது விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது.

5. ஆள் இறங்கியதும் அடிமெத்தைக்குக் கீழே கையை நுழைத்து முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது கையை நெரிக்கிறதா, எங்காவது காலியாக விடுகிறதா என்று கை சொல்லிவிடும்.

ஐந்தாவது படியின் விடையைப் பொறுத்தே ஹாஃப் பேட் வாங்கலாமா வேண்டாமா என்பது முடிவாகும். முன்பக்கம் கையை நெரித்தால் சேணம் குறுகல். அங்கே மெத்தை எதற்கும் உதவாது. கடிக்கிற செருப்புக்குள் தடித்த காலுறையைப் போட்டால் கடி கூடுமே தவிரக் குறையாது. முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பெரிதாகக் காலியாக இருந்தாலும் சேணம் தைப்பவரிடம்தான் போக வேண்டும். சேணம் சற்றே அகலம், முன்பக்கம் கொஞ்சம் தாழ்கிறது என்றால் மட்டுமே ஹாஃப் பேடுக்கு நியாயமான வேலை இருக்கிறது.

ஈப்போவில் ஓடி ஓய்வு பெற்ற ஒரு பந்தயக் குதிரை மலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சாதிக் குதிரைகளுக்குத் தோள்மேடு பெரும்பாலும் உயரம். வேலை விட்ட சில மாதங்களில் தோள்மேட்டுக்குப் பின்னால் சதை வற்றிப் பள்ளம் விழும். அதன் அப்போதைய உடம்புக்கு இறுக்கமான சேணம் வாங்கினால், சரிவுகளில் நடந்து சதை ஏறியதும் அதே சேணம் நெரிக்கத் தொடங்கும். ஆகவே கொஞ்சம் அகலமான சேணம், முன்பக்கம் செருகல் வைத்த ஹாஃப் பேட், சதை ஏற ஏறச் செருகலை ஒவ்வொன்றாக எடுத்துவிடுதல் என்பதே புத்தியுள்ள வழி. மாறாக, குட்டையான, பீப்பாய் போல உருண்ட முதுகுள்ள மட்டக்குதிரைக்குத் தோள்மேடே தெரியாது. அதன் மேல் தடித்த மெத்தை போட்டால் சேணம் பக்கவாட்டில் உருளும்.

*குறிப்பு:* செருகல்களை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைப்பது சேணம் பொருத்தத் தெரிந்தவர் நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும்.

எந்தப் பொருளில் வாங்குவது

கடைக்காரர் மென்மையைக் காட்டுவார். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது நனைந்தால் எத்தனை நாளில் காயும்?

கேமரன் மலையின் தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் 15 அளவுக்கு இறங்கும். பிற்பகல் ஆனால் மேகம் சரிவில் இறங்கி உட்கார்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொடியில் போட்ட போர்வை மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஐரோப்பியப் பட்டியலில் முதல் இடம் பெறும் மெத்தை இங்கே முதல் இடம் பெறும் என்ற கட்டாயம் இல்லை.

கம்பளி ரோமத்தோடு பதப்படுத்திய செம்மறித் தோல்தான் பழைய ராஜா. ரோமம் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும், காற்றை விடும், வியர்வையை உள்ளே இழுத்துக்கொண்டு மேற்பரப்பை உலர்வாக வைக்கும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஜெல், தோல், நுரை, கலைமான் ரோமத்தோல் என்று நான்கு வகை மெத்தைகளைப் பொருத்தமான சேணத்துக்குக் கீழே வைத்து அளந்தபோது, முதுகில் விழும் உச்ச விசையைத் தெளிவாகக் குறைத்தது ரோமத்தோல்தான். ஆனால் செம்மறித் தோலின் பலவீனம் அதன் தோல் பக்கம். சூடு பட்டால் விறைத்து அட்டையாகும், ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஜெல் தண்ணீரைக் குடிக்காது, துடைத்தால் போதும். இந்த மலையில் அது பெரிய வரம். குறைகளும் உண்டு: கனம், சூட்டை வெளியே விடாத குணம், சரிவில் மெல்ல நகரும் பழக்கம். மூடிய அறைகள் கொண்ட நுரை லேசானது, நீர் ஏறாதது, தினசரி வேலைக்கு நம்பகமானது. அழுத்தினால் மெல்லப் பள்ளம் விழுந்து மெல்ல எழும் 'மெமரி' நுரையோ நீரைப் பஞ்சு போலக் குடிக்கும், குளிரில் விறைக்கும். அடித்துப் படியவைத்த கம்பளி நம்தா பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் உழைப்பாளி. செயற்கை ரோமம் விலை குறைவு. சில மாதத்தில் திரண்டு உருண்டையாகும், அந்த உருண்டைகள்தான் சும்மாட்டின் முடிச்சு.

வாரத்தில் ஐந்து நாள் சவாரி, ஒரே ஒரு மெத்தை என்றால் கேமரனில் மூடிய நுரையே சரியான தேர்வு. செம்மறித் தோல்தான் வேண்டும் என்பவர் இரண்டாக வாங்க வேண்டும். ஒன்று முதுகில் இருக்கும்போது மற்றது காய்ந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு வாங்க வசதியில்லாதவருக்குச் செம்மறித் தோல் இங்கே அழகான தொல்லை.

அளவும் கனமும்

மெத்தை சேணத்தின் அடிமெத்தையை விட முன்னும் பின்னும் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அதன் விளிம்பு சேணத்துக்கு அடியிலேயே முடிந்தால் அந்த விளிம்பு முதுகில் கோடு போடும். நடுத் தையல் குதிரையின் முதுகு வளைவுக்கு ஏற்ப வளைந்து தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக வெட்டிய மெத்தை தோள்மேட்டின் மேல் இழுபட்டு அழுத்தும்.

கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முழுதாக அமுங்கி விரல் மறுபக்கத்தைத் தொட்டால் அந்த மெத்தை ஆள் ஏறியதும் இல்லாததற்குச் சமம். அமுங்கவே இல்லையென்றால் அது மெத்தை இல்லை, பலகை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மெத்தைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். உயரம் கூடக் கூடச் சேணம் ஆடும், சவாரிக்காரரின் கால் குதிரையை விட்டு விலகும். கயிற்றின் மேல் நடப்பவன் காலடியில் தலையணை கட்டிக்கொள்வதில்லை.

போடும் முறை

குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். புதியவர்கள் ஆரம்பத்தில் ஒவ்வொரு படியையும் நிறுத்திச் செய்வது நல்லது.

1. முதுகைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய்வந்த குதிரையின் ரோமத்தில் சுள்ளி, விதை, மணல் ஒட்டியிருக்கும். கடைசியில் வெறும் உள்ளங்கையால் ஒருமுறை தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது.

2. சேணத் துணியைத் தோள்மேட்டுக்கு முன்னால் வைத்து, ரோமம் படிந்த திசையிலேயே பின்னுக்கு இழுத்து இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னோக்கித் தள்ளினால் ரோமம் எதிர்த்து மடங்கி அரிக்கும்.

3. ஹாஃப் பேடை அதன் மேல் வையுங்கள். நடுத் தையல் முதுகெலும்புக்கு நேராக இருக்கட்டும்.

4. சேணத்தை மெதுவாக இறக்குங்கள், போடாதீர்கள்.

5. இப்போது முக்கியமான படி. துணியையும் மெத்தையையும் சேர்த்துப் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் சேணத்தின் வாய்க்காலுக்குள் மேலே இழுத்துவிடுங்கள். கூடாரத்தின் நடுக்கம்பில் துணி எழும்பி நிற்பது போல, முதுகெலும்பின் மேல் எதுவும் படாமல் எழும்பி நிற்க வேண்டும். சவாரி தொடங்கும்போது சரியாக இருந்து, திரும்பும்போது தோள்மேட்டில் புண்ணோடு வரும் குதிரைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு இழுப்புதான் குறைந்திருக்கும்.

6. வாரை ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக, இரு பக்கமும் சமமாக இறுக்குங்கள்.

7. ஐந்து முதல் பத்து நிமிடம் நடத்திய பிறகு வாரை மறுபடி பாருங்கள். மெத்தை அமுங்கியிருக்கும், வார் தளர்ந்திருக்கும். இதை மறந்தவர்கள் முதல் இறக்கத்தில் சேணத்தோடு கழுத்துக்கு வருவார்கள்.

*குறிப்பு:* தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறாமல் ஒரு திட்டின் மேல் நின்று ஏறுங்கள். மெத்தை போட்ட சேணம் பக்கவாட்டு இழுப்புக்குச் சீக்கிரம் வளைந்து கொடுக்கும், சேணத்தின் சட்டத்துக்கும் அது கெடுதல். தோட்டப் பாதை ஓரத்து மண்மேடுகள் இதற்கென்றே அமைந்தவை.

சரிவில் பாதுகாப்பு

ஏற்றத்தில் சேணம் பின்னுக்கு வழுகும், இறக்கத்தில் தோளின் மேல் ஏறும். ஹாஃப் பேட் இந்த இரண்டையும் தடுக்காது. ஈரமான ஹாஃப் பேட் இரண்டுக்கும் துணைபோகும். ஏற்றம் மிகுந்த பாதைக்கு மார்புப்பட்டை கட்டுங்கள். குதிரையின் மார்புக்கும் பட்டைக்கும் நடுவில் மூடிய கைமுட்டி நுழையும் தளர்வு வேண்டும். தோள்மேடு இல்லாத உருண்டைக் குதிரைக்கு இறக்கத்தில் வாலடிப் பட்டையும் தேவைப்படும். அதை முதல்முறை கட்டும்போது சமதரையில் நடத்திப் பழக்குங்கள். வாலுக்கு அடியில் திடீரென்று ஏதோ படுவதை எந்தக் குதிரையும் அமைதியாக ஏற்காது.

பாரத்தையும் கணக்கில் வையுங்கள். அமெரிக்காவின் ஓஹாயோவில் 8 குதிரைகளை வைத்து நடத்தி 2008இல் வெளியான சோதனையில், குதிரையின் எடையில் 15, 20, 25, 30 சதவீதப் பாரத்தை மாறி மாறி ஏற்றிப் பார்த்தார்கள். 25ஐத் தொட்டதும் தசைவலியும் இதயத் துடிப்பும் ஏறின. ஆளும் சேணமும் மெத்தையும் சேர்ந்து 20 சதவீதத்துக்குள், அதாவது 450 கிலோ குதிரைக்கு 90 கிலோவுக்குள் நிறுத்துவது வழக்கம். அந்தச் சோதனை நடந்தது சமதரையில் என்பதைச் சரிவில் போகிறவர் மறக்கக் கூடாது.

தேயிலைத் தோட்டம் பொதுப் பாதை அல்ல. தோட்ட அலுவலகத்தில் கேட்காமல் குதிரையைக் கொண்டுபோகக் கூடாது. மருந்து அடித்த பகுதி எது, கொழுந்து லாரி எந்த நேரத்தில் எந்த வளைவில் வரும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். மூடுபனியில் ஒளிர்பட்டை போட்ட மேலங்கி கட்டாயம்.

சேணத்தை இறக்கியதும்

தாழ்நிலத்துப் பயிற்சிப் புத்தகங்கள் வியர்வைத் தடத்தைப் பார்க்கச் சொல்லும். ஈரமான முதுகின் நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் மிகுதி, அல்லது சேணம் அங்கே தொடவே இல்லை. கேமரனில் இந்தப் பாடம் பாதிதான் செல்லும், ஏனென்றால் குளிரில் ஒரு மணி நேரம் நடந்தும் சில குதிரைகளுக்கு வியர்ப்பதில்லை. அதற்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது. துவைத்த வெள்ளைத் துணி ஒன்றைச் சேணத் துணியாகப் போட்டு ஒரு நாள் சவாரி செய்யுங்கள். முதுகின் அழுக்கு துணியில் படமாகப் பதிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில், முன்னும் பின்னும் சீராகப் பதிந்திருந்தால் நிம்மதி. ஓரிடத்தில் கன்னங்கரேலென்று, இன்னோரிடத்தில் வெள்ளையாகவே இருந்தால் செருகல்களையும் சேணத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

முதுகில் உடனடியாகத் தேட வேண்டியவை: அரை மணியில் எழும் வீக்கம், முறிந்த ரோமம், தொட்டால் சூடு. நாளாக நாளாக வெள்ளை ரோமம் முளைத்தால் அது பழைய அழுத்தக் காயத்தின் தழும்பு, வயது அல்ல. ஏரிக்கரைகளில் வாடகைக்கு நிற்கும் குதிரைகளின் தோள்மேட்டில் இந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து "அழகான மச்சம்" என்று படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீக்கம் கண்டால் புதிய மெத்தை வாங்க ஓடாதீர்கள். சேணத்தை நிறுத்துவதுதான் மருந்து.

துவைப்பது

செம்மறித் தோலுக்கு அவசரம் ஆகாது. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் உலர்ந்த ரோமத்தைக் கம்பித் தூரிகையால் சீவினாலே பாதி அழுக்கு போய்விடும். முழுத் துவைப்பு மாதம் ஒருமுறை போதும்.

1. செருகல்களையும் உள் மெத்தைகளையும் வெளியே எடுங்கள்.

2. தயாரிப்பாளரின் சீட்டைப் படியுங்கள். அது வேறு சொல்லாதவரை 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர்தான்.

3. கம்பளிக்கென்று விற்கும் மென்மையான சோப்பு மட்டும். வீட்டுச் சலவைத் தூளில் கறையைத் தின்னும் நொதிகள் இருக்கும். அவை கம்பளியையும் தோலையும் கறையாகவே பார்க்கும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது ரோமத்தில் படலமாகப் படிந்து வியர்வையை வாங்கும் குணத்தைக் கெடுக்கும்.

4. நன்றாக அலசுங்கள். தங்கிவிட்ட சோப்பு வியர்வையோடு சேர்ந்து தோலை அரிக்கும்.

5. பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்துங்கள், அல்லது இயந்திரத்தில் குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் சுழற்றுங்கள்.

ஜெல்லுக்கு ஈரத் துணியும் மிதமான சோப்பும் போதும். பிசுபிசுத்தால் சோளமாவு லேசாகத் தூவலாம். நுரை மெத்தைகளைக் கையால் அலசி அப்படியே வடியவிடுங்கள், முறுக்கினால் உள்ளே கிழியும். நம்தாவைக் காயவைத்துத் தூரிகை போட்டாலே நெடுநாள் வரும்.

காயவைப்பது: வாட்டுங்கள், வறுக்காதீர்கள்

மலைவாசிகளின் மெத்தைகள் பெரும்பாலும் முதுகில் சாவதில்லை, அடுப்பங்கரையில் சாகின்றன. இரண்டு நாளாகக் காயாத செம்மறித் தோலை ஹீட்டருக்கு முன்னாலோ விறகடுப்புக்கு மேலோ தொங்கவிடுகிறார்கள். மறுநாள் ரோமம் பஞ்சு போல இருக்கும், தோல் பக்கம் அப்பளம் போல நொறுங்கும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை போய்வந்தவருக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும். பறித்து வந்த கொழுந்து நேராகச் சூட்டு இயந்திரத்துக்குப் போவதில்லை. நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றை அனுப்பி, பல மணி நேரம் வாட்டுகிறார்கள். ஈரத்தை எடுப்பது ஓடும் காற்று. மெத்தைக்கும் அதே முறை.

1. கம்பி வலை அல்லது மூங்கில் தட்டு ஒன்றை இரண்டு பெட்டிகளின் மேல் வைத்து, மெத்தையை அதில் ரோமப் பக்கம் மேலாகப் பரப்புங்கள். அடியில் காற்று ஓட வேண்டும்.

2. மேசை மின்விசிறியைத் தட்டின் பக்கவாட்டில் வைத்து மிதமாக ஓடவிடுங்கள். மூடிய அறையானால் சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்; இல்லாவிட்டால் அறைக்குள் ஈரம்தான் சுற்றிவரும். வெளியே மேகம் இறங்கியதும் மூடிவிடுங்கள்.

3. பாதி காய்ந்ததும் தோல் பக்கத்தை எல்லாத் திசையிலும் கையால் மெதுவாக இழுத்து நீட்டுங்கள். இந்த இழுப்பு இல்லாமல் முழுதாகக் காய்ந்தால் சுருங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும், பிறகு வாய்க்கால் வளைவு பொருந்தாது.

4. புரட்டிப் போடுங்கள். தோல் பக்கமும் குளிர்ச்சி இல்லாமல் காயும் வரை விடுங்கள்.

5. கடைசியாக ரோமத்தைச் சீவுங்கள்.

காலை வெயில் கிடைத்தால் நிழலோரமாக வைக்கலாம். நேர்வெயிலில் ஜெல்லையோ செம்மறித் தோலையோ விடக் கூடாது. காய்ந்ததா என்று அறிய மெத்தையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்.

ஒரு குதிரைக்கு ஒரு மெத்தை

ஈர மெத்தையின் விலை வெறும் துர்நாற்றம் அல்ல. நனைந்தே இருக்கும் தோலில் டெர்மடோஃபைலஸ் என்ற நுண்ணுயிர் புகுந்து, ரோமத்தைக் கற்றை கற்றையாகப் பிடித்து நிற்கும் பொருக்குகளை உண்டாக்கும். பொருக்கை எடுத்தால் அடியில் ரோமம் ஒட்டிய தூரிகை போலக் கையோடு வரும். வட்ட வட்டமாக ரோமம் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மெத்தை வழியே அடுத்த குதிரைக்கும், சீவுகிறவரின் கைக்கும் பரவும். இரண்டில் எதுவாக இருந்தாலும் மெத்தையைத் தனியே ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் கேட்ட பிறகே துவையுங்கள். தூரிகைகளையும் கூடவே கழுவ மறக்க வேண்டாம். லாயத்தில் மூன்று குதிரை, ஒரு நல்ல மெத்தை, அதை யார் சவாரி போகிறாரோ அவர் எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடு சிக்கனம் போலத் தெரியும்.

மெத்தையின் மேல் குதிரையின் பெயரைத் தையுங்கள். ஆணியில் தொங்கவிடாதீர்கள்; ஆணி குத்திய இடத்தில் ஒரு கூம்பு எழும், அது அப்படியே முதுகில் குத்தும். அகலமான மூங்கில் கம்பின் மேல் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை. அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும் என்றாலும் அதன் வாடை குதிரையின் தோலோடு ஒட்டி உட்காரும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாட விடுவது மேல்.

எப்போது கழிப்பது

மாதம் ஒருமுறை மெத்தையைச் சமமான மேசையில் விரித்து இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரே நேரத்தில் இடமும் வலமும் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், நுரை அமுங்கி எழாமல் போனால், ஜெல் ஓர் ஓரத்தில் திரண்டால், ரோமம் உருண்டையானால், தோலில் விரல் நகம் பதியாத விறைப்பு வந்தால், அதன் காலம் முடிந்தது. அதை வெட்டி வாரின் கொக்கிகளுக்கு உறையாகவோ லாயத்துக் கதவின் முனைக்கு மெத்தையாகவோ வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குதிரையின் முதுகுக்குக் கொடுக்கக் கூடாது.

அதே நாளில் வளைகிற அளவுகோலை மறுபடி எடுங்கள். தேதி போட்ட பழைய தாளின் மேல் புதிய வளைவை வேறு நிறத்தில் வரையுங்கள். புதிய கோடு வெளியே போயிருந்தால் குதிரைக்குச் சதை ஏறியிருக்கிறது: முன் செருகலில் ஒன்றை எடுத்துவிட்டு, கடைக்குப் போகும் முன் செய்த ஐந்தாவது படியைப் போல வெறும் சேணத்தின் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே வந்திருந்தால், மெத்தையைத் தடிப்பாக்கும் முன் தீவனத் தொட்டியையும் பற்களையும் போய்ப் பாருங்கள்.